இடது பக்கம் ஓர் இருமல்

பெர்கன் நகரில் மழை நிற்பதில்லை,
இடையிடையே கொஞ்சம் யோசிக்கும்.
அப்படி யோசித்த ஒரு மத்தியானம்
கடைக்குள் வந்தார் தோர்லைஃப்.
முப்பத்தொரு வருடம் ஃபெரி எஞ்சின் அறை.
காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன்
என்று சொல்லித்தான் கை குலுக்கினார்.

டீசல் ரசீதின் பின்பக்கம் ஒரு பட்டியல்:
தேவாலய ஆர்கன், மெட்டல், ஹார்டாங்கர் ஃபிடில், ஜாஸ்.
எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடு, சுன்னீவா,
எனக்கு இருப்பது ஒரு தலை.

ஆர்கனுக்கு, முதுகு திறந்த ஒன்றை மாட்டிவிட்டேன்.
சுவரில்லாத கிண்ணம் அது.
சத்தம் காதுக்குள் குடியிருக்காது,
தள்ளி நின்று கூப்பிடும்.
"கூரை தெரிகிறது" என்றார்
கண்ணை மூடிக்கொண்டு.

மெட்டலுக்கு அது ஆகாது.
அத்தனை அகலத்தில்
டிரம்ஸ் ஒரு ஊரில் நிற்கும், கிடார் ஒரு ஊரில்.
மூடிய ரகம் எடுத்தேன்,
தடித்த தோல் மெத்தை, அடிவயிற்றில் உதைக்கும் பாஸ்.
அறுபத்தாறு வயதுத் தலை ஆட ஆட
மூக்குக்கண்ணாடி நழுவி மேசையில் விழுந்தது.
இரைச்சல் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம்.
"இது இரைச்சல் இல்லை. கோபம்."

ஃபிடில்தான் என்னை யோசிக்க வைத்தது.
வில்லே படாத தந்திகள் சில
அடியில் படுத்துக்கிடக்கும் அதில்,
மேலே யார் என்ன சொன்னாலும் முணுமுணுக்கும்.
அந்த முணுமுணுப்பைப் பிடிக்க
கண்ணாடி அலமாரியில் ஒன்று வைத்திருக்கிறேன்.
ஈசல் சிறகு தோற்கும் படலம்,
அதற்கென்றே தனி ஆம்ப்ளிஃபையர்,
என் காரை விற்றாலும் முக்கால்தான் தேறும்.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இவர் காதில் பெரும்பள்ளம்.
தெரிந்தும் மாட்டினேன்.
தெரிந்தும் அவர் கழற்றவில்லை.

இதிலேயே ஜாஸும் போடு, என்றார்.

பையிலிருந்து ஒரு சிடி.
பழைய மத்தி ஆலையில் ஒரு பிப்ரவரி இரவு
ஆட்களை உட்காரவைத்துப் பதிந்தது.
அன்று மூன்றாம் வரிசையில் நான் இருந்தேன், என்றார்.
நானும் ஒன்றை மாட்டிச் சேர்ந்துகொண்டேன்.

பிரஷ் தோலை வருடுகிறது.
பாஸ்காரர் மூச்சிழுக்கிறார்.
நாலாவது நிமிடம்,
பியானோ ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு
ஒதுங்கி நின்ற இடத்தில்
இடது பக்கம், சற்றுப் பின்னால்,
ஓர் இருமல்.

என்னைப் பார்த்தார்.
பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன்.
விழுங்கப் பார்த்துத் தோற்றுப்போன இருமல்.

"நான்தான்."
சமையலறை ஸ்பீக்கரில், காரில், ஃபெரியில்
எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறார்.
எதிலுமே அவர் இல்லை.
விலைச்சீட்டைத் திருப்பினார்,
திரும்ப மூடினார்.
"இருமாத ஹெட்போன் ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. நடுத்தட்டில்.
முந்நூறு ஓம், கொஞ்சம் சூடான குரல்,
விவரம் குறைவு, தயவு அதிகம்.
அதில் பியானோ ஒதுங்கியது,
அமைதி அமைதியாகவே இருந்தது.
நாலு தடவை கேட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பணத்தை எண்ணிவைத்துவிட்டுப் போனார்.
உண்மையை விற்றிருந்தால்
எனக்கு அந்த மாத வாடகை வந்திருக்கும்.

வியாழக்கிழமை, கூடவே ஒரு பெண்மணி.
குடையை உதறாமலே உள்ளே வந்தாள்.
அக்கா, ஒட்னி. அன்றைக்குப் பக்கத்து நாற்காலி.
"அந்தக் கண்ணாடி அலமாரியைத் திற.
நாலாவது நிமிடத்தைப் போடு."

போட்டேன்.
கேட்டாள்.
கழற்றி மடியில் வைத்தாள்.

"இவன் இல்லை இது.
எனக்கு அன்று காய்ச்சல்.
இருமியது நான்."

அவர் எழுந்துவிட்டார்.
அவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.
ஒன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்,
இதைத் தீர்த்துவைக்க
எந்தத் தட்டிலும், எந்த விலையிலும்
என்னிடம் எதுவுமில்லை.
வெளியே மழை யோசித்து முடித்திருந்தது.
இருவரும் முறை வைத்து
இன்னும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.